நாற்பது ஆண்டு முதுகும் நாற்பது கிலோ கம்பியும்

இன்று ஆவணி பதினொன்று, புதன்கிழமை. எனக்கு எழுபத்தொரு வயது, ஐந்து மாதம், இரண்டு நாள்.

இன்று காலை நாகர்கோவிலில் ஒரு ஜிம்மிலிருந்து என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்!

முதலில் நான் அங்கே போன காரணம். போன மாதம் முழங்கால் வலிக்காக ஒரு டாக்டரைப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருங்கள் என்றார்.

உட்கார்ந்தேன். எழவில்லை. இரண்டு நர்சுகள் சேர்ந்து எழுப்பினார்கள்.

தொடையிலும் இடுப்பிலும் வலுவே இல்லை, எடை தூக்கிப் பழகுங்கள், இல்லாவிட்டால் விழுகிற அன்று விழுந்த இடத்திலேயே கிடப்பீர்கள் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

மஸ்கட்டிலிருந்து மகன் அதைவிட மரியாதையாகச் சொன்னான்: "மூணு மாசம் பாப்பேன்மா. அதுக்குள்ள நீங்களா எந்திரிக்கலேன்னா வீட்டோட ஒரு ஆள வச்சிருவேன்."

குளியலறைக் கதவுக்கு வெளியே ஒருத்தி நின்றுகொண்டு "ஆச்சா?" என்று கேட்பதைவிட இரும்பு தூக்குவது மேல் என்று முடிவு செய்தேன்.

துணைக்குப் பகவதி வந்தாள். என் கொழுந்தனின் மனைவி, வயது அறுபத்துமூன்று. அடுத்த வீடு. (பையைப் பிடித்துக்கொள்ள வந்தாள். பையில் ஒரு துண்டு மட்டும்தான் இருந்தது. அதையும் நான் தூக்கக் கூடாதாம்!)

பயிற்சி தரும் பெண் ஷெரின், இனயம் என்ற கடற்கரை ஊர்க்காரி. ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தாள். சர்க்கரை உண்டா, இதய நோய் உண்டா, பழைய காயம் உண்டா?

கடைசிக் கேள்வியில் என் பேனா நின்றது. பகவதி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுதினேன்: "முதுகெலும்பு முறிவு. நாற்பது ஆண்டு."

ஷெரின் முகம் மாறிவிட்டது.

"டீச்சர், இதுக்கு எக்ஸ்ரே பாத்து டாக்டர் லெட்டர் தரணும். இல்லேன்னா ஒரு வெறுங்கம்பு கூட எடுத்துத் தரமாட்டேன். பொறவு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு வேல போவும்."

"அது பழைய கதை, அம்மா" என்றேன்.

பகவதிக்கு வந்ததே கோபம்!

"என்னக்கா பழைய கதைன்னு சொல்லுதிய? மக்களே, நீ கேளு. திற்பரப்பு அருவிக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போனப்போ பாசில சறுக்கி விழுந்து, அக்காவுக்கு நடுவு ஒடிஞ்சு போச்சு. மூணு மாசம் ஒரே கெடப்பு. நான் கலியாணமாகி அந்த வீட்டுக்கு வரும்போ அக்கா கட்டில்ல கெடக்கா. அன்னையிலேருந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு குடம் தண்ணி நான் தூக்க விட்டதில்ல!"

ஜிம்மில் இருந்த இளைஞர்கள் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

ஷெரின் அவளைப் பார்த்தாள். "அப்போ அந்தத் தண்ணியெல்லாம் யாரு தூக்குனது?"

"வேற யாரு? நாந்தான். பதினோரு பேரு அந்த வீட்டுல. தண்ணி, ஆட்டுக்கல்லு, நெல்லு அவிக்கிய அண்டா, எல்லாம்."

பகவதியின் தாளில் எல்லாக் கேள்விக்கும் "இல்லை". "அப்போ நீங்க ஒண்ணு தூக்கிப் பாருங்கம்மா" என்று ஷெரின் ஒரு இரும்புக் குண்டைக் காட்டினாள். பதினாறு கிலோ.

பகவதி சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகினாள். முதுகு வளையாமல் குனிந்து, எடுத்து, நிமிர்ந்தாள். "இத எங்க கொண்டு வைக்கணும்?"

(எங்கும் கொண்டு வைக்க வேண்டாம், தூக்கிவிட்டு அங்கேயே வைத்தால் போதும் என்பதை அவளுக்குப் புரியவைக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. "பொறவு என்னத்துக்குத் தூக்குகது?" நியாயமான கேள்விதான்.)

அடுத்து இருபத்துநாலு. அடுத்து இருபுறமும் சக்கரம் மாட்டிய கம்பி.

"அம்மா, இது நாப்பது கிலோ!"

"அண்டா இதவிடக் கூட இருக்கும்லா. அது சுடவும் செய்யும்."

பிறகு ஷெரின் அவளைத் தரையில் உட்கார்ந்து எழச் சொன்னாள். பகவதி உட்கார்ந்தாள், எழுந்தாள். கை எதிலும் படவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்து வேதியியல் கற்பித்தே ஓய்வு பெற்றவள். அந்த நேரத்தில் என் இரண்டு கைகளும் நாற்காலியின் பிடிகளை இறுக்கிக்கொண்டிருந்தன.

ஆட்டோவில் திரும்பும்போது அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"உங்களுக்கு இந்தப் பாடு வேண்டாம்க்கா. விழுந்தா ஒரு சத்தம் குடுங்க, நான் வந்து தூக்கிருவேன். நாப்பது தூக்குனேன்லா, நீங்க ஒரு அம்பத்தஞ்சு இருப்பியளா?"

திரும்ப வேண்டிய தெருவை ஆட்டோக்காரருக்குக் காட்டினேன்.

"நாளைக்கு எக்ஸ்ரேக்கு நானும் வாறேன். நடுவு எப்படி இருக்குன்னு டாக்டர் வாயால நானும் கேக்கணும்."

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

நான் இதை எழுதிப் போடும் இந்த இணையதளத்தில் பகவதிக்கும் கணக்கு உண்டு. நான் எதை எழுதினாலும், இரங்கல் செய்தி உட்பட, உடனே இதயக் குறி போடுவாள். நாளை டாக்டர் வாயால் கேட்பதற்கு முன் அவள் இதை என்னிடமிருந்து கேட்கட்டும். நேரில் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. காரணங்களும் எழுதப்போவதில்லை. எழுதினால் நியாயம் போலத் தோன்றும்.

பகவதி, நான் விழுந்தது உண்மை. எலும்பு முறிந்தது உண்மை. மூன்று மாதம் படுக்கையில் கிடந்ததும் உண்மை.

நான்காம் மாதம் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நன்றாகச் சேர்ந்துவிட்டது, இனி எதையும் தூக்கலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். நீ அடுப்பிலிருந்து அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தாய். கல்யாணமாகி மூன்றாவது மாதம், இருபத்துமூன்று வயது. "டாக்டர் என்னக்கா சொன்னாரு?" என்று கேட்டாய்.

"இனி ஒன்றையும் தூக்கக் கூடாதாம்" என்று சொன்னேன்.