பருப்பு வேகாத வருஷம்

என் மகளுக்கு வரலாற்றுப் புத்தகம் தேர்ந்தெடுத்தது நான்தான். வேறு யார்மீதும் பழி போட முடியாது.

எழுபதுகளின் கடைசியில் ஆம்பூரில் இருந்தோம். என் வீட்டுக்காரர் தோல் பதனிடும் ஒரு டேனரியில் சூப்பர்வைசர். மகளுக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. இரும்புக் கம்பி வைத்த பூட்ஸ் போட்டு, சுவரைப் பிடித்தபடி நடப்பாள். ஆறாவது வரை பள்ளிக்கூடம் போனாள். ஏழாம் வகுப்பு மாடியில். அதைக் கீழே வைக்கக் கூடாதா என்று கேட்கப் போனேன்.

"பாவம்மா, அது எதுக்குக் கஷ்டப்படணும்? ஊட்லயே வெச்சிக்குங்க" என்றார் தலைமையாசிரியை. அவ்வளவு அன்பாகச் சொன்னதால் எனக்குச் சண்டை போடவும் வரவில்லை.

நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள். வீட்டிலேயே சொல்லிக்கொடுத்து, எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுத வைப்பதென்று முடிவு செய்தேன். கணக்கும் தமிழும் சிரமமில்லை. வரலாறுதான் அவளுக்கு ஒட்டவில்லை. மன்னர் மரம் நட்டார், குளம் வெட்டினார் என்று ஒப்பிக்கச் சொன்னால், "யாரு பாத்தாங்க?" என்பாள்.

வேலூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். ஒன்று, கேள்வியும் பதிலும் அச்சடித்த நோட்ஸ். இன்னொன்று, ஆசிரியர் பயிற்சிக்காக எப்போதோ போட்ட, அட்டை கிழிந்த கைப்புத்தகம். அதில் பதிலே கிடையாது. உன் தெருவில் பழையது ஒன்றை எடுத்துக்கொள், அதைப் பற்றி ஐந்து பேரைக் கேள், அவர்கள் சொல்வது ஒத்துப்போகிறதா பார், காகிதம் ஏதாவது இருந்தால் தேடு. பக்கத்துக்குப் பக்கம் இப்படித்தான். கடைக்காரர் நோட்ஸைக் கட்டப் போனார். "அது வேணாம், இதக் குடுங்க" என்றேன். ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதைப் போல பஸ் முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அவள் எங்கள் தெருக் கிணற்றை எடுத்துக்கொண்டாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குடத்தோடு போகிற பெண்களை நிறுத்திக் கேட்டாள். கிணறு பத்தடி தூரத்தில் இருக்க, எல்லோரும் ஏன் ரயில்வே கேட் தாண்டிப் போய்த் தண்ணீர் எடுக்கிறார்கள்? எப்போதிருந்து? ஒருத்திக்கும் வருஷம் தெரியாது. ஆனால் ஒருத்தி சொன்னாள்: "என் கல்யாணத்துக்கு இந்தத் தண்ணிலதான் சோறாக்குனாங்க. ரெண்டாவது புள்ள பொறந்தப்ப பருப்பே வேகல." அந்தக் குழந்தையின் வயதைக் கேட்டு, கழித்துப் பார்த்து, வருஷத்தைக் கண்டுபிடித்தாள். மற்ற நான்கு பேரும் அதற்கு ஒத்தே சொன்னார்கள். அன்று அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பிறகு காகிதம். தெருக்கோடியில் தென்னந்தோப்பு வைத்திருந்த பெரியவர், மரமெல்லாம் பட்டுப்போய் வெறும் நிலத்துக்குக் காவல் இருந்தவர், மஞ்சள் பையில் ஒரு பழைய காகிதத்தோடு வந்தார்.

"டேனரித் தண்ணியாலதான் கெணறு கெட்டுச்சின்னு நாங்க மனு போட்டோம் பாப்பா. இது வந்துச்சி. தள்ளிட்டாங்கன்னு சொன்னாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. நீ படிச்சி எழுதிக்க."

அவர் போன பிறகு அவள் படித்தாள். கிணற்று நீர் குடிக்கத் தக்கதாகவே உள்ளதென்று தெருவாசிகள் இருவர் எழுதிக்கொடுத்ததால் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. கீழே இரண்டு பெயர்கள். இரண்டாவது அவளுடைய அப்பாவின் பெயர், எங்கள் வீட்டு எண்ணோடு.

"அம்மா, உனக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன். எழுதிக்கொடுத்தது எனக்குத் தெரியாது, அது நிஜம். ஆனால் அந்தக் காகிதத்தில் போட்டிருந்த வருஷம்தான் அவரைத் தோல் எண்ணும் வேலையிலிருந்து சூப்பர்வைசராக உயர்த்தினார்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஸ்வீட் வாங்கி வந்தார், தின்றேன். அந்தக் கிணற்றுத் தண்ணீரை நாங்களும் குடித்ததில்லை.

சாயங்காலம் அவர் வந்ததும் அவள் காகிதத்தை நீட்டினாள்.

"அப்பா, இது நீதானா?"

அவர் நின்றபடியே படித்தார். "யார் குடுத்தா இத?"

"நீதானான்னு கேட்டேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "பாடம் சொல்லிக் குடுன்னா, இன்னா கத்துக் குடுத்து வெச்சிருக்கற? அந்த வேல இல்லன்னா அதுக்கு பூட்ஸு ஏது, ஆஸ்பத்திரி ஏது?" காகிதம் அடுப்புக்குப் போனது. அதன் பின்னாலேயே புத்தகமும், அவள் எழுதிய நோட்டும். நான் அடுப்பண்டையில்தான் நின்றிருந்தேன். கையை நீட்டியிருந்தால் நோட்டையாவது எடுத்திருக்கலாம்.

மறுநாள் அவரே வாணியம்பாடிக்குப் போய் நோட்ஸ் வாங்கி வந்தார். அவள் முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்யத் தொடங்கினாள். மரம் நட்டார். குளம் வெட்டினார். யார் பார்த்தார்கள் என்று கேட்கவே இல்லை.

ஒரு மாதம் கழித்துப் பெரியவர் வந்தார். "பாப்பா எழுதி முடிச்சிடுச்சாம்மா? அந்தப் பேப்பரக் குடுத்தா வெச்சிக்குவேன்."

"எலி கடிச்சிடுச்சிங்க" என்றேன்.

"போவட்டும். அதுல இன்னாதான் போட்டிருந்துச்சி?"

"தண்ணி நல்லாத்தான் இருக்குதுன்னு போட்டிருந்திச்சி."

"யாராம் சொன்னது?"

"பேரு எதுவும் போடலீங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். உள்ளே மகள் உரக்கப் படித்துக்கொண்டிருந்தவள், நான் பேசி முடிக்கும் வரை நிறுத்தியிருந்து, பிறகு விட்ட வரியிலிருந்து தொடர்ந்தாள்.

தேர்வில் மற்ற எல்லாவற்றையும்விட வரலாற்றில்தான் அவளுக்கு மார்க் ஜாஸ்தி. என் வீட்டுக்காரர் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். எண்பதுகளில் அவளுக்குத் திருப்பத்தூரில் ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்து, அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டாள். அப்பாவைப் பார்க்கப் பண்டிகைக்கு வருவாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பாள். அவர் செய்ததை அவள் ஒருவேளை மன்னித்திருக்கலாம். என்னிடம் மட்டும், ஏதாவது சொன்னால், "அப்படியாம்மா" என்று கேட்டுக்கொள்வாள். நம்புகிறாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.