ஆமென் சொல்ல ஆளில்லாத மத்தியானம்

என் வீட்டுக்காரி ஜெபம் பண்ண உட்கார்ந்தா சூப் ஆறிப்போகும். குறை சொல்லலை, நடக்கறதைச் சொல்றேன். சபைப் போதகர்ல ஆரம்பிச்சு எங்க கட்டட வாட்ச்மேனோட முழங்கால் வலி வரைக்கும் ஒருத்தரையும் விடமாட்டா. நான் பஸ் டிரைவர். பொழுதுக்கும் ரோட்டைப் பார்த்தே பழகினவன், ரெண்டு கண்ணையும் மூடினா எனக்குப் பதறும். அதனால ஒரு கண்ணை லேசாத் திறந்து வச்சுக்கிட்டு, சூப்புல ஆவி அடங்கறதைப் பார்த்துக்கிட்டிருப்பேன். "டிரைவர் கண்ணை மூடலாமாம்மா?"ன்னா, "இப்ப வண்டியை ஓட்டறது ஆண்டவருங்க, நீங்க பேசாம மூடுங்க"ம்பா.

அவளுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல வேலை. மெஷின்ல இருந்து ஈரப் போர்வையை இழுத்துப் போட்டு, தேய்ச்சு, மடிச்சு, தள்ளுவண்டியில வார்டு வார்டா கொண்டுபோய் அடுக்கணும். அப்படிப் போன இடத்துலதான் இதெல்லாம் ஆரம்பிச்சது. ஒரு பொம்பளை, உடம்பு அனலாக் கொதிக்குது, படுக்க மாட்டேன்னு வாசல்லயே நின்னிருக்கா. "நான் இங்க படுத்துட்டா என் பிள்ளையை யாரு பார்த்துப்பாங்க?"ன்னு அழுகை. இவ போர்வைக்கட்டைக் கீழே வச்சுட்டு, "என்கிட்ட விட்டுட்டு நீங்க போய்ப் படுங்கம்மா"ன்னுட்டா. கட்டின புருஷன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா? கேக்கலை.

நான் குதிச்சேன். "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிற கதையா இருக்கே!"

"சின்னப் பிள்ளையைச் சேர்த்துக்கிட்டா என்னையே சேர்த்துக்கிட்ட மாதிரின்னு இயேசப்பா சொல்லியிருக்காருங்க. கதவைத் தட்டறது அவருன்னு தெரிஞ்சும் திறக்காம இருக்கச் சொல்றீங்களா?"

"அவர் வந்தா மெத்தையை நனைக்க மாட்டாரேடி!"

"அவரும் ஒரு காலத்துல நனைச்சவர்தான். அவங்கம்மா துவைக்கலையா?"

போய் மெத்தையைத் தூக்கி வெயில்ல போட்டேன்.

அந்தப் பிள்ளை போச்சு, இன்னொண்ணு வந்துச்சு. குழந்தை நல அலுவலகத்துல இருந்து ஒரு அம்மா வந்து வீட்டை ஒரு மூலை விடாமப் பார்த்துட்டு, முறைப்படி அனுமதி கொடுத்தாங்க. எங்க மக கல்யாணமாகிப் போனதும் காலியான ரூம்ல எப்பவும் ஏதாவது ஒரு வாண்டு கிடக்கும். ஆனா ஒரு பிள்ளையும் இவளை அம்மான்னு கூப்பிடக் கூடாது. அதுல கறார். "அம்மா ஒருத்திதான். அத்தை எத்தனை பேர் வேணா இருக்கலாம்"ம்பா. "நாம பஸ் ஸ்டாப்புங்க. வண்டி வர்ற வரைக்கும் நனையாம நிக்கட்டும், அவ்வளவுதான்." அன்னியிலிருந்து நானும் டிப்போ ஆளுங்களும் அவளுக்கு வச்ச பேரு பஸ் ஸ்டாப்பு.

கடைசியா வந்தவ குண்டூசி. ஆளு அவ்வளவுதான் இருப்பா, ஆனா குத்துவா! அப்பன் இல்லை. அம்மாவுக்கு நுரையீரல்ல தொத்து நோய், பிள்ளையைக் கிட்டவே விடக் கூடாதுன்னுட்டாங்க. போன்ல அம்மா முகத்தைக் காட்டிப் பார்த்தோம். குண்டூசி போனைத் திருப்பிப் பின்பக்கம் தேடினா. அந்தப் பக்கம் அம்மா இருமி இருமி அழுதுட்டு, "இந்தக் கோலத்துல அவ என்னைப் பார்க்க வேண்டாம்க்கா"ன்னு போனை வச்சுட்டா. அதோட அதையும் விட்டோம். பிரிட்ஜ்ல அம்மாவோட பழைய போட்டோ ஒண்ணை ஒட்டி வச்சோம். பூரிச்ச முகம், நீளச் சடை, தாடையில ஒரு மச்சம். குண்டூசி தினம் அந்த மச்சத்தை விரலால தொட்டுட்டுத்தான் பால் குடிப்பா.

அப்புறம் ஜெபம். சாப்பிடறதுக்கு முன்னாடி கண்ணை மூடிக் கையைக் கூப்பி, "இயேசப்பா, எங்கம்மாவைப் பார்த்துக்குங்க"ன்னு அவளும் சொல்லணும். ஆமென் சொல்ற வரைக்கும் கண்ணைத் திறக்கக் கூடாது. இது பஸ் ஸ்டாப்பு போட்ட சட்டம். நான் மீறலாம், பிள்ளைங்க மீறக் கூடாது.

அம்மாவுக்கு ஒருவழியாக் குணமாச்சு. அலுவலக அம்மாவோட ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தா. ஐயோ, எனக்கே அடையாளம் தெரியலை. பாதி ஆளாயிட்டா, முடியை ஒட்ட வெட்டியிருந்தாங்க. கைப்பையை மடியில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நாற்காலி நுனியில உட்கார்ந்தா. குண்டூசி மேஜைக்கு அந்தப் பக்கம் ரொட்டியைப் பிய்ச்சுக்கிட்டிருந்தா.

"கண்ணு, அம்மா வந்திருக்காங்க பாரு"ன்னா என் வீட்டுக்காரி.

குண்டூசி ரொட்டியைப் போட்டுட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா.

"அம்மாடா தங்கம். அம்மாவைப் பாரேன்"னு அவ கூப்பிட்டா. கூப்பிடக் கூப்பிட இவ இன்னும் இறுக்கறா. முகமே சுருங்கிப் போச்சு.

"பயப்படறா போலிருக்கு. இன்னொரு நாள் வரலாம்மா"ன்னாங்க அலுவலக அம்மா.

"இன்னொரு நாள் எதுக்குங்க? பெத்தவ மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கலை அவளுக்கு." குண்டூசியோட அம்மா என் வீட்டுக்காரி பக்கம் திரும்பினா. "அக்கா, நீங்களே வச்சுக்குங்க. இங்கயாவது நல்லா இருக்கட்டும். அவளுக்காகத்தான் நான் பிழைச்சு வந்தேன். பரவாயில்லை." பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு எழுந்துட்டா.

என் வீட்டுக்காரியைப் பார்க்கறேன், குண்டூசி நாற்காலியைப் பிடிச்ச கையை அவ எடுக்கலை. எனக்கு மட்டும் என்ன? குண்டூசியை விட எனக்கும் மனசில்லை. இங்கயே இருந்துடுவாளோன்னு பாழாப்போன சந்தோஷம் ஒண்ணு உள்ள எட்டிக்கூடப் பார்த்துச்சு.

அப்பதான் டிரைவர் கண்ணு அது வேலையைச் செஞ்சுது. மேஜைக்குக் கீழே குண்டூசியோட ரெண்டு கையும் கூப்பியிருக்கு. உதடு அசையுது. அடப்பாவிகளா! இந்த வீட்ல அம்மாங்கற பேச்சு எப்ப வரும்? ஜெபத்துலதான் வரும். பேச்சு வந்ததும் பிள்ளை கண்ணை மூடிட்டா. நாங்க திரும்பத் திரும்ப அம்மா அம்மான்னா, ஜெபம் இன்னும் முடியலைன்னுதானே அர்த்தம்? பயமுமில்லை, வெறுப்புமில்லை. ஒருத்தராவது ஆமென் சொல்வாங்கன்னு பாவம் காத்துக்கிட்டிருக்கா.

"ஆமென்!"னு கத்தினேன் பாருங்க, அலுவலக அம்மா கையில இருந்த காபி கொட்டிடுச்சு. கல்யாணமான நாள்ல இருந்து நான் வாய்விட்டுச் சொன்ன முதல் ஆமென் அதுதான்.

குண்டூசி கண்ணைத் திறந்தா. எதிர்ல நிக்கிற பொம்பளையைப் பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா. நாற்காலியை விட்டு இறங்கிப் போய்க் கையைத் தூக்கினா. அவ குனிஞ்சா. குண்டூசி ஒரு விரலை நீட்டித் தாடையில அந்த மச்சத்தைத் தொட்டா.

"அத்தை!"ன்னு திரும்பி என் வீட்டுக்காரியைப் பார்த்துக் கத்தறா. "கண்ணைத் திறந்தும் அம்மா இருக்காங்க!"

அப்பாடா! வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. அம்மாக்காரி பிள்ளையை அள்ளின அள்ளுல பை எங்கயோ போய் விழுந்துச்சு. அலுவலக அம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைக்கறாங்க, நான் கொட்டின காபியைத் துடைக்கறேன். பஸ் ஸ்டாப்பு மட்டும் சுவர்ல சாஞ்சபடி, "ஸ்தோத்திரம்"னு ஒத்தை வார்த்தை சொன்னா. அவ பண்ணினதுலயே சின்ன ஜெபம் அது.

சாயங்காலம் நானே ரெண்டு பேரையும் பஸ் ஏத்திவிட்டேன். குண்டூசி ஜன்னல் வழியா எனக்குக் கையாட்டலை. அம்மா முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தா. கொஞ்சம் வலிச்சுது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் விசிலடிச்சுக்கிட்டுதான் வந்தேன்.

ராத்திரி நாங்க ரெண்டு பேர்தான் மேஜையில. வழக்கம்போல போதகர், வாட்ச்மேன் முழங்கால் எல்லாம் வந்துச்சு. "குண்டூசியோட அம்மாவை"ன்னு ஆரம்பிச்சவ அப்படியே நின்னுட்டா. ஒரு கண்ணால பார்த்தேன், மூடின இமைக்குள்ள இருந்து தண்ணி வழியுது.

"அவங்க சேர்ந்துட்டாங்கம்மா"ன்னு அவ கையைப் பிடிச்சேன். "ஆமென்."

அன்னிக்கு சூப் சூடா இருந்துச்சு.