சைரன் இல்லாத முகத்துவாரம்

கோடையில் கடலூர்ப் பக்கம் அலைத்தடுப்புக் கற்களில் நின்று பாரை மீனுக்கு லூர் என்கிற போலி இரையை வீசுவோம். மழைக்காலம் முடிந்தால் வெள்ளாற்று முகத்துவாரம்தான். அங்கே கொடுவா கிடைக்கும். சுரங்கத்தில் என்னோடு ஒரே ஷிப்டில் கன்வேயர் பெல்ட் பார்க்கிற நண்பரும் நானும் ஆஃப் கிடைத்தால் சேத்தியாத்தோப்பு வழியாக பைக்கில் கிளம்பிவிடுவோம்.

அன்று மாலை, ஆற்றின் நடுவிலிருந்த மணல்திட்டுக்குக் கணுக்கால் தண்ணீரில் நடந்தே போனோம். தூண்டிலில் மாட்டிய ரப்பர் மீனை வீசி இழுத்தபோதெல்லாம் கொடுவா பாய்ந்து அடித்தது. பிறகு ஒன்றுமே கடிக்கவில்லை. காற்றும் நின்றுவிட்டது. என் காலடி மணலைத் தண்ணீர் மெல்ல அரித்துக்கொண்டு போனது. அதைப் பார்த்துக்கொண்டே இன்னொரு முறை வீசினேன்.

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் கத்தினார். "பின்னால பாருங்க! தண்ணி ஏறிக்கினு வருது!"

மீனை விரட்டுகிறாரே என்று எனக்குக் கோபம். முறைக்கத்தான் திரும்பினேன். நாங்கள் நடந்து வந்த வழியே இல்லை. தூண்டிலை அங்கேயே விட்டுவிட்டு, மார்பளவு தண்ணீரில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு கரையேறினோம்.

சட்டையைப் பிழிந்துகொண்டே நண்பர் சொன்னார். "சைரன் எதுவும் கேக்கலியேங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுரங்கத்தில் சைரன் ஒலிக்காமல் எங்கள் பெல்ட் நகராது. அத்தனை நேரமும் என் காது அதற்காகத்தான் காத்திருந்திருக்கிறது.

இப்போதெல்லாம் குவார்ட்டர்ஸில் சத்தமே இல்லாவிட்டால், நான் திரும்பிப் பின்னால் பார்க்கிறேன்.