ராகு காலம் இல்லாதவள்

நான் குடியிருந்த வீடுகளைவிடக் குடியிருக்காத வீடுகள்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. எல்லாம் கனடாவில், மாண்ட்ரியல் நகரத்தின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பேட்டைப் பக்கம். சிவப்புச் செங்கல் சுவர், வாசலில் ஒரு மரம், ஜன்னலில் வாடகைக்கு என்று ஓர் அட்டை. வாசலோடு எங்களைத் திருப்பி அனுப்பிய வீடுகள் அவை. உள்ளே எப்படி இருந்தன என்று எனக்குத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன? அரைத்தூக்கத்தில் ஒவ்வொன்றுக்குள்ளும் போய், தூளி கட்டி, குழம்பு தாளித்து, ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. என் கணவர் இன்ஜினியர், பாலங்களுக்குக் கணக்குப் போடுகிறவர். நான் ஓர் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் சோதிக்கிற வேலையில் இருந்தேன். முதல் குழந்தை வயிற்றில். நாங்கள் இருந்தது எங்களைப் போல வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பார்க் எக்ஸ்டென்ஷனில், ஒரு வீட்டுக்கு அடியில் பாதி மண்ணுக்குள் இருந்த அறையில். ஜன்னல் தெருவின் மட்டத்தில் இருந்தது. குளிர்காலம் முழுக்கப் பனி அதை மூடிக்கிடக்க, நீலமாக ஒரு வெளிச்சம் மட்டும் உள்ளே கசியும். பனி உருகிய பிறகு கால்கள் தெரிந்தன. முகமில்லாத கால்கள், விதவிதமான செருப்புகள். வயிற்றுச் சுமையின் அசதியில் படுத்துக்கொண்டு அந்தக் கால்களைப் பார்த்தபடியே தூங்கிப்போவேன்.

சுவரெல்லாம் ஈரம். பூசணம் துடைக்கத் துடைக்க வந்தது. இந்த அறையில் பச்சைக் குழந்தையை வைத்துக்கொள்ள முடியாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குழந்தை வருவதற்குள் வேறு வீடு வேண்டும். நான் கேட்டது ஒன்றுதான், வெயில் விழுகிற ஜன்னல்.

என் கணவர் போன் செய்வார். இருக்கிறது, வாருங்கள் என்பார்கள். டை கட்டிக்கொண்டு, ஷூவைப் பளபளவென்று துடைத்துக்கொண்டு போவோம். கதவு திறக்கும். எங்களைப் பார்த்ததும் அந்த முகத்தில் ஏதோ ஒன்று சாத்திக்கொள்ளும். "அடடா, இப்பத்தான் போச்சு." மரியாதையாகத்தான் சொல்வார்கள். ஒரு கிழவி எங்களுக்காக உண்மையிலேயே வருத்தப்பட்ட மாதிரி இருந்தது. ஜன்னலில் அட்டை அப்படியே இருக்கும்.

இதற்கு அவர் கண்டுபிடித்த காரணத்தை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

"ராகு காலத்துல கிளம்பியிருக்கோம். அதான்."

"ஊர் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தானே கிளம்பினோம்?"

"அது மெட்ராஸ் ராகு காலம். இங்க சூரியன் வேற நேரத்துல உதிக்குதே. கணக்குப் போட வேண்டாமா?"

போட்டார். ஆங்கிலப் பேப்பரில் உதயம், அஸ்தமனம் பார்த்து, பகலை எட்டாகப் பிரித்து, பாலத்துக்குப் போடுகிற அதே கூர்மையான பென்சிலால் மாண்ட்ரியலுக்கென்று ஒரு ராகு காலம் போட்டார். அதைத் தவிர்த்துவிட்டு நல்ல நேரத்தில் போனோம். நல்ல நேரத்திலும் வீடு இப்பத்தான் போயிருந்தது. அவர் பென்சிலைச் சீவிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். பாவம், கிரகத்தின் மேல் பழி போடுவது அவருக்குச் சுலபமாக இருந்தது. கிரகம் நகர்ந்துவிடும் அல்லவா?

எனக்கும் ஒரு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. அம்மா ஊரிலிருந்து வந்தவர்களிடம் சின்ன டப்பாவில் குங்குமப்பூ கொடுத்தனுப்பியிருந்தாள். தினமும் பாலில் இரண்டு இழை போட்டுக் குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்குமாம். நான் கறுப்பு. அம்மாவுக்கு அது ஆறாத குறை. லேபில் ரத்தத்தைப் பிரித்துப் பார்க்கிற எனக்கு அந்தக் கதையில் துளியும் நம்பிக்கை இல்லை. அம்மாவின் மனசுக்காகக் குடித்தேன். அந்த நீல வெளிச்சத்தில் பால் மெல்ல மெல்ல மஞ்சளாவதைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் எனக்குப் பிடிக்கும். அறைக்குள் வந்த ஒரே வெயில் அதுதான்.

லேபில் எனக்கு ஒரு தோழி இருந்தாள். வெள்ளைக்காரி, கலகலவென்று பேசுகிறவள். எங்கள் வீட்டுக்கு ஒரு தடவை வந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுவிட்டு, அதன் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள். நான் வீடு கிடைக்காத கதையைச் சொன்னதும், "நீங்க ரெண்டு பேரும் ரொம்பக் கூச்சப்படறீங்க. சிரிச்சுப் பேசினா யாரும் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. நானே வரேன்" என்றாள். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் ஒழிந்தது.

வீட்டில் இதைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது. ஞாயிறன்று பகலின் கடைசிப் பங்குதான் ராகு காலம். "அவ வர்ற நேரம் சுத்தமா சரியில்ல" என்றார். உதவுகிறவளிடம் இதை எப்படிச் சொல்வது? போனோம்.

வசந்தத்தின் நீண்ட மாலை. மரங்களில் அப்போதுதான் இலை விட்டிருந்தது. தெரு முழுக்க மஞ்சள் வெயில், குழந்தைகள் பிரெஞ்சில் கத்தி விளையாடிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள்தான் எங்களிடம் போய்விட்டது என்று சொன்ன அதே கட்டடம். தோழி காரை நிறுத்திவிட்டு இறங்கிப் போனாள். பழைய காற்சட்டை, கலைந்த தலை. மணியை அடித்தாள். நாங்கள் காருக்குள் கனவு பார்க்கிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்தது, யாரோ சிரித்தார்கள், அவள் உள்ளே போனாள். இரண்டாம் மாடி ஜன்னல் திறந்தது. அங்கிருந்து எங்களைப் பார்த்துக் கையாட்டினாள்.

கீழே வந்தபோது விரலில் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தாள். "எவ்வளவு நல்ல மனுஷன் தெரியுமா! எங்க வேலை பாக்கறேன்னுகூடக் கேக்கல."

என் கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைக் கைக்குள் இழுத்து மூடிக்கொண்டார். அவளுக்கு ராகு காலம் கிடையாது. எந்த ஊர்க் கணக்குப்படியும் கிடையாது. அவளுக்கு அது தெரியவும் தெரியாது. உலகத்தில் எல்லாருக்கும் கதவு இப்படித்தான் திறக்கிறது என்று அவள் நிஜமாகவே நம்பியிருந்தாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. ஒரு தப்பும் செய்யாதவள் மேல் வருகிற கோபம் எவ்வளவு கசப்பானது!

எங்களை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், குடிவரப் போவது இவர்கள்தான் என்று அவள் சொன்னபோது கட்டடத்துக்காரர் முகம் சாத்திக்கொண்டதை அவளும் பார்த்தாள். முதல் தடவையாகப் பார்த்தாள் போலிருக்கிறது. கழுத்துவரை சிவந்துபோனாள். விடவில்லை. "ரொம்ப நல்லவங்க. நான் பொறுப்பு" என்று அடித்துப் பேசினாள். என் கணவர் கணக்குப் போட்ட பாலத்தின் மேல் அந்த ஊரே கார் ஓட்டிக்கொண்டிருந்தது. அவர் நல்லவரா என்று சொல்வதற்கு, எங்கள் வீட்டில் ஒரு வேளை எலுமிச்சை சாதம் சாப்பிட்டவள் தேவைப்பட்டாள். கட்டடத்துக்காரர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, எங்களுக்கு வீட்டைத் தருவதாக ஒப்புக்கொண்டார்.

தோழியே எங்களைக் காரில் திரும்பக் கொண்டுவந்து விட்டாள். எங்களைப் போன்றவர்கள் எல்லாரும் ஏன் ஒரே தெருக்களில் அடைந்து கிடக்கிறோம், நம்மவர்களுக்குக் கூட்டமாக இருக்கத்தான் பிடிக்கும் என்று நாங்களே ஏன் சொல்லித் திரிகிறோம் என்பதெல்லாம் எனக்கு அந்தக் காரில் புரிந்தது.

அன்று இரவு பால் காய்ச்சினேன். டப்பாவைத் திறந்தேன். நிறத்தைப் பார்த்துச் சாத்திக்கொள்கிற கதவுகளை அம்மா எனக்கு வெகு முன்பே பார்த்தவள் என்று தோன்றியது. இரண்டு இழை போட்டேன். கொஞ்சம் நின்று, ஒரு சிட்டிகை அள்ளிப் போட்டேன். அதுவரை அம்மாவுக்காகக் குடித்தேன். அன்றைக்குத்தான் வேண்டிக்கொண்டு குடித்தேன்.

கோடையில் மகள் பிறந்தாள். அதற்குள் புது வீட்டுக்கு வந்திருந்தோம். நான் கேட்ட ஜன்னல், நான் கேட்ட வெயில். பிறந்த குழந்தை எதுவானாலும் ரோஜா நிறமாகத்தான் இருக்கும். பின்னால் என்ன நிறமாகும் என்பதைக் காது மடலைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்பார்கள் எங்கள் ஊரில். ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றி அவளை என் கையில் கொடுத்தார்கள். அவள் கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள். நான் அவள் காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.