எட்டு நாள் ஆயுள்

கதிரியக்க மருந்தோடு வேலை செய்பவனிடம் எல்லோரும் எத்தனை நாள் என்றுதான் கேட்பார்கள். அவன் ஒரு புத்தகத்தைத் திறப்பான். எந்தப் பொருள் எவ்வளவு காலத்தில் பாதியாகும், என்ன கதிரை விடும் என்று அட்டவணைகளாகத் தொகுத்த தடித்த புத்தகம். சரியான பதிலைச் சொல்லி அகப்பட்டுக்கொண்டவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

பாதி

நான் கல்முனைக்குடிக்காரன். வேலை, தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றில். எங்கள் பக்கத்து ஊர் சம்மாந்துறையிலிருந்து பௌசியா அங்கு வந்தார். தைரொயிட் புற்றுநோய், சத்திரசிகிச்சை முடிந்து கதிரியக்க அயடீன் குடிக்க வேண்டும். ஒன்றரை வயது மகளைக் கணவர் சலீமின் தங்கையிடம் விட்டு வந்திருந்தார். மகளை எப்போது தூக்கலாம் என்பது ஒன்றே அவருடைய கேள்வி.

புத்தகத்தைப் பார்த்து, அரை ஆயுட்காலம் எட்டு நாள் என்றேன். ஊர்க்காரன் என்ற உரிமையில், அண்ணன் முறை வைத்து மெதுவாகக் கேட்டார்: “பாதி ஆயுள் எட்டு நாளெண்டா, முழுசும் பதினாறுதானா காக்கா எனக்கு?”

இத்தா

ஆயுள் மருந்துக்குத்தான், உங்களுக்கல்ல என்று தேற்றினேன். மூன்று கிழமை, இருபத்தொரு நாள், பிள்ளையிடமிருந்து விலகியிருக்கும்படி டாக்டர் எழுதிய தாளையும் கொடுத்து அனுப்பினேன்.

வீட்டில் தனி அறை, தனிக் கோப்பை. யார் வந்தாலும் கதவுக்குப் பின்னால் இருந்துதான் பேச்சு. புருஷன் இறந்த பெண் இத்தா இருப்பதைப் போலவே இருந்திருக்கிறது. சலீம் அறுவடைக்குப் போய் நான்கு நாளாக வீட்டில் இல்லை. திரும்பியபோது முற்றத்தில் இழவு வீட்டைப் போலப் பெண்கள் கூடி அழுதுகொண்டிருந்தார்களாம். எனக்குத்தான் போன் எடுத்தார்: “ஊருக்கே தெரியும், சேர். நான் மௌத்தான செய்தி எனக்கு மட்டும்தான் வரல்ல.”

பதினாறாம் நாள்

அன்று காலை பௌசியாவே பேசினார். பதினாறு முடிந்துவிட்டதாம், குளித்துவிட்டுக் கதவடியில் நிற்கிறாராம். முதல் நாளே நான் திருத்தாமல் விட்ட கணக்கு. பாதி போனால் மிச்சத்தில் பாதிதான் அடுத்த எட்டு நாளில் போகும், முழுதாக ஒரு நாளும் முடியாது, தாளில் உள்ள மூன்று கிழமையும் பொறுங்கள் என்றேன். அந்தப் பக்கம் சலீமின் தங்கையோடு பிள்ளை சிரிக்கும் சத்தம் கேட்டது. “மாமியத்தான் இப்ப உம்மா எண்டு கூப்பிடுறாள், காக்கா.”

மறுபடி

ஆறு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு மகளோடு வந்தார்கள். தாயிடம் வந்து சேர அவளுக்கு இரண்டு மாதம் பிடித்ததாம். இப்போது தாயின் முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டு மடியில் இருந்தாள். கழுத்தில் நோய் இன்னும் மிச்சம் இருக்கிறது, இன்னொரு முறை அயடீன் குடிக்க வேண்டும், மூன்று மாதத்தில் வாருங்கள் என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் பௌசியா முக்காட்டு நுனியை மகளின் வாயிலிருந்து எடுத்தார். “அப்ப இவள இனி என்னட்டப் பழக்காம வுடட்டா, காக்கா?”

புத்தகத்தின் புதிய பதிப்பு வந்திருக்கிறது. அந்த எட்டு நாளுக்குப் பின்னால் உள்ள தசமங்களை இன்னும் துல்லியமாகத் திருத்தியிருக்கிறார்கள்.