தேதி குறிக்கிறவர்

எங்கள் போர்டு கேம் கூட்டத்துக்கு அவர்தான் தேதி குறிப்பார். சிங்காநல்லூரில் பட்டறை வைத்திருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி. அவரையும் சேர்த்து நாங்கள் நாலு பேர். எல்லாரும் பார்க்கும்படி ஆன்லைனில் ஒரு காலண்டர் போட்டு, ஆளுக்கொரு வண்ணம் கொடுத்திருந்தார். ஒருவருக்கு வேலை என்றாலும் ஆட்டம் தள்ளிப்போகும். தள்ளித் தள்ளியே ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது, ஒருமுறைகூட ஆடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரவர் வேலை தட்டிப்போய், நாலு பேரும் தற்செயலாக ஒரே பேக்கரிக்கு டீ குடிக்க வந்தோம். ஆட்டப் பெட்டி என் காரில் இருந்தது.

“ஏனுங்க, எல்லாருந்தான் இருக்கறமே, ஒரு ஆட்டம் போட்டுறலாமுங்களா?” என்றேன்.

அவர் கண்ணாடியை இறக்கிப் போனைப் பார்த்தார்.

“இன்னைக்கு நீங்க யாருமே ஃப்ரீ இல்லீங்களே.”

“உங்க முன்னாடிதானுங்க உக்காந்திருக்கறோம்!”

“உக்காந்திருக்கறீங்க, சரிங்க. காலண்டர்ல மாத்தலீங்களே.”

நாங்கள் மூவரும் பெட்டியைப் பிரித்து ஆட ஆரம்பித்தோம். அவர் பப்ஸ் தின்றபடி எங்களை இரக்கத்தோடு பார்த்தார். ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் மூன்று போன்களும் ஒன்றாகச் சிணுங்கின. அடுத்த ஞாயிறு ஆட்டமாம், சம்மதமா என்று கேட்டிருந்தார்.

ஆட்டத்தை நிறுத்திவிட்டு மூவரும் பணிவாகச் சம்மதம் கொடுத்தோம். ஏன் கொடுத்தோம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.