பாதி சாக்பீஸ்

புது சாக்பீஸை எடுத்ததும் உமா மகேஸ்வரி டீச்சர் அதை இரண்டாக உடைப்பார். "முழுசா எழுதினா கீச்சுன்னு கத்தும்" என்பார். ஒரு பாதி அவருக்கு. மறுபாதி, அன்று கணக்குப் போடப்போகும் பிள்ளைக்கு. அதைத் திருப்பித் தரவேண்டியதில்லை. என் மகள் மீனாவின் பென்சில் டப்பாவில் அப்படி நான்கு துண்டுகள் இருக்கின்றன. நான் தொட்டால் கையைத் தட்டிவிடுகிறாள்.

டெய்ரி ஃபார்ம் என்கிற எங்கள் பேட்டையில் ஒரு சின்னப் பள்ளியில் நான் மதியச் சாப்பாடு சமைக்கிறேன். அடுப்படி ஜன்னலுக்கு நேரே மீனாவின் மூன்றாம் வகுப்பு. டீச்சர் கார் நிக்கோபார் தீவிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஸ்கூட்டரில் வருவார். மழைக்காகத் தூக்கிச் சொருகிய சேலையை இறக்கிவிட மறந்து, அப்படியே பாடம் நடத்துவார். ஹெல்மெட்டை மேஜைமேல் கவிழ்த்துப் போட்டு, அதில் பிள்ளைகள் எண்ணுவதற்குக் காய்ந்த பாக்கு நிரப்பி வைத்திருப்பார். அந்தச் சேலை அவருக்கு அழகாகத்தான் இருக்கிறது.

பிள்ளை தப்பாகப் போட்டால், தப்பு என்று சொல்லமாட்டார். "அரே வா! எப்படி வந்துச்சு, சொல்லு" என்று பெஞ்சில் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். பிள்ளை சொல்லிக்கொண்டே வரும். பாதியில் தானே நாக்கைக் கடித்துக்கொள்ளும். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. எனக்குப் பிரம்படிதான். அதோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன்.

வீட்டிலும் டீச்சர்தான். "அம்மா, உனக்குத் தெரியாது. நான் டீச்சர்கிட்ட கேட்டுக்கிறேன்." ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தேன். டீச்சர் பேச்சு பதினோரு முறை.

புதன்கிழமை பூரி. ஆளுக்கு மூன்று. வகுப்புக்கு எத்தனை வேண்டும் என்று ஒரு பிள்ளை கணக்குப் போட்டு வந்து சொல்லும். "அவங்க சொல்ற நம்பர்தான்க்கா. ஒண்ணு ஜாஸ்தி வேணாம், ஒண்ணு கம்மி வேணாம்" என்பது டீச்சரின் கட்டளை. ஒருமுறை ராஜசேகர் சொன்ன எண்ணில் குறைந்துபோயிற்று. இருந்ததைப் பிய்த்துப் பங்கு வைத்துக்கொண்டு, சிரித்தபடி கணக்கைத் திரும்பப் போட்டார்கள். சரியான எண் வந்த பிறகுதான் மிச்சத்தைப் பொரித்தேன்.

போன புதன் மீனாவின் முறை. அன்று வந்திருந்தது பதினெட்டுப் பேர். ஓடிவந்து, "முப்பத்திநாலு!" என்றாள்.

எனக்கு உடனே தெரிந்தது, இருபது குறையும். பிள்ளைகள் கேலி செய்வார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த அம்மாள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, எப்படி வந்தது என்று இவள் சொல்லிக்கொண்டிருப்பாளே, அதைத்தான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. ஐம்பத்திநாலு பொரித்து அனுப்பினேன்.

எல்லோருக்கும் மூன்று கிடைத்தது. "என் கணக்கு கரெக்ட்!" என்று மீனா குதித்தாள். டீச்சர் தட்டுகளைப் பார்த்தார். போர்டில் இருந்த முப்பத்திநாலைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். மீனாவைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கே வந்துவிட்டார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"ஜெயமணிக்கா, ஐம்பத்திநாலு போட்டிருக்கீங்க. எப்படி வந்துச்சு, சொல்லுங்க."

மாவுக் கையை மூடிக்கொண்டேன். "பத்து பேருக்கு முப்பது..."

"ம்."

"மிச்சம் எட்டு பேருக்கு இருபத்திநாலு. அதுல நாலை மட்டும் எடுத்துக்கிட்டு இருபதை விட்டுட்டா, புள்ளைங்க எதைத் திங்கும் டீச்சர்?"

மீனா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அவள் நிமிர்ந்து பார்த்தது டீச்சரின் முகத்தைத்தான்.

டீச்சர் பையிலிருந்து புது சாக்பீஸ் ஒன்றை எடுத்து உடைத்தார். மீனா வழக்கம்போல் கையை நீட்டினாள்.

"ருக்கோ, கொஞ்சம் பொறு" என்றார் டீச்சர். மாவு அப்பியிருந்த என் வலது கையைப் பிடித்து, மூடியிருந்த விரல்களைப் பிரித்து, அந்தப் பாதியை உள்ளே வைத்தார்.